குடி நீங்காக் கோட்டை

செஞ்சிக்கு அண்மையிலுள்ள தொண்டூரில், சமண முனிவர்கள் துயில்வதற்கென்று பாறையில் செதுக்கப்பட்ட கற்படுக்கைகளின் அருகே, ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முற்பட்டது என்று அறிஞர்கள் மதிக்கும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அந்தச் சிறு சாசனம், படுக்கையைச் செய்விக்கும்படி ஏவிய இளங்காயிபன் என்பானின் பெயரைச் சொல்லிய கையோடு, அதைச் செய்தவன் அகழூரைச் சார்ந்த மோசி என்பதையும் சேர்த்தே பொறித்து வைத்திருக்கிறது. ஏவியவனுடைய கீர்த்தியில் செய்தவனுக்கும் பங்கு உண்டு என்று கருதிய அந்தப் பழங்காலத்து நியாய உணர்ச்சி, செஞ்சியின் பெயர் உலகமெங்கும் பேசப்படுகிற இந்நாளில் நமக்குப் பெரிதும் வேண்டியதாக இருக்கிறது.

2025 ஜூலை 11 அன்று, பாரிஸ் நகரில் கூடிய உலகப் பாரம்பரியக் குழு, மராட்டிய ராணுவ நிலப்பரப்பு என்ற பெயரில் பன்னிரண்டு கோட்டைகளை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அவற்றுள் பதினொன்று மகாராஷ்டிரத்தில் உள்ளவை. எஞ்சிய ஒன்று நமது செஞ்சி. 1677-இல் சத்ரபதி சிவாஜி கைப்பற்றியதும், அவருடைய புதல்வர் ராஜாராம் தஞ்சம் புகுந்து, ஔரங்கசீப்பின் சேனையை ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் மதிலுக்கு வெளியே நிறுத்தி வைத்ததுமான அந்தக் கோட்டைக்கு இத்தகைய மரியாதை கிடைத்ததில் தமிழர் எவருக்கும் மனநிறைவு உண்டாகாமல் இராது. எனக்கும் அந்த மகிழ்ச்சி பரிபூரணமாக உண்டு. ஆயினும், ஓர் ஊருக்குப் புகழ் வருகிறபோது அந்த ஊர் ஜனங்களுக்கு என்ன வருகிறது என்ற கேள்வியை, காலம் கடந்த பிறகு கேட்டுப் பயனில்லை என்பதனால், இப்பொழுதே கேட்டுவைக்க விரும்புகிறேன்.

செஞ்சி வெறும் கோட்டை அன்று; அது ஒரு பேரூராட்சி, தாலுகாவின் தலைநகர், சுற்றுவட்டாரத்து நெல் மூட்டைகள் வந்து குவிகிற ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தை உடைய சந்தையூர். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளின் நிழலில், உழுகிறவர்களும் ஆடு மேய்க்கிறவர்களும் மூட்டை சுமக்கிறவர்களும், வெயிலில் ஏறி இறங்குகிற யாத்திரிகர்களுக்கு மோரும் வெள்ளரிப்பிஞ்சும் விற்று அன்றாட ஜீவனம் நடத்துகிறவர்களும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகிறார்கள். ராஜகிரியின்மேல் உறைகின்ற கமலக்கண்ணி அம்மனுக்கு விழா எடுப்பவர்கள் இவர்கள்தாம். 1714-இல் ஆர்க்காட்டு நவாபின் படையோடு பொருது இளவயதிலேயே மாண்டுபோன தேஜ்சிங் என்ற ராஜபுத்திர வீரனைத் தேசிங்கு ராஜனாக்கி, அவனுடைய குதிரையையும் அவனுடைய முகமதிய நண்பனையும் கதைப்பாடல்களில் சாகாவரம் பெறச் செய்தவர்களும் இவர்களைப் போன்ற சாமானிய ஜனங்களே. தொல்பொருள் துறை காத்தது கற்களை. அந்தக் கற்களுக்கு உயிர் இருக்கும்படி காத்தவர்கள் இவர்கள்.

இத்தகைய ஜனங்களை அவர்களுடைய ஊரிலிருந்து அகற்றுவதற்கு இக்காலத்தில் படையெடுப்பு வேண்டியதில்லை. 1964-இல் ரூத் கிளாஸ் என்ற சமூகவியல் அறிஞர், லண்டன் நகரத்துத் தொழிலாளர் குடியிருப்புகளில் வசதி படைத்தோர் ஒவ்வொருவராக வந்து வீடுகளை வாங்கிப் புதுப்பிக்க, அங்கே பிறந்து வளர்ந்தவர்கள் ஒவ்வொருவராக வெளியேறிப் போவதைக் கண்டு அதற்கு ஒரு பெயரும் சூட்டினார். நாம் அதைக் குடிபெயர்ப்பு என்று சொல்லலாம். இதில் யாரும் யாரையும் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதில்லை. மனை விலை ஏறுகிறது. அதைத் தொடர்ந்து வாடகை ஏறுகிறது. பெட்டிக்கடை இருந்த இடத்தில் உணவு விடுதி எழும்புகிறது. வாடகைக்கு இருந்தவன் முதலில் போகிறான், கடனுக்கு அஞ்சிச் சொந்த மனையை விற்றவன் அடுத்துப் போகிறான், இருவரையும் நம்பிக் கடை வைத்திருந்தவன் கடைசியில் போகிறான். ஊர் முன்னைக்கு அழகாக இருக்கிறது. ஆனால் அந்த அழகைக் காண ஊர்க்காரர்கள் அங்கே இல்லை.

இந்தத் துன்பத்தை நன்கு உணர்ந்தவர்களில் அமெரிக்க ஐக்கிய நாட்டில் வாழும், லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரான லத்தீனோ மக்களைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். சிகாகோ நகரத்தில் பில்சன் என்ற பகுதி, பொஹீமியா தேசத்திலிருந்து வந்தவர்களால் கட்டப்பட்டு, சென்ற நூற்றாண்டின் பிற்பாதியில் மெக்சிகத் தொழிலாளர் குடும்பங்களின் தாயகமாயிற்று. அவர்கள் அந்தப் பழைய சுவர்களில் தங்கள் தெய்வங்களையும் தலைவர்களையும் உழைப்பையும் ஓவியங்களாகத் தீட்டினார்கள். அந்த ஓவியங்களின் வர்ணமே பிறரைக் கவர்ந்து இழுக்க, 2000-க்குப் பிந்திய ஆண்டுகளில் சுமார் பத்தாயிரம் லத்தீனோ மக்கள் அப்பகுதியை விட்டு நீங்க நேர்ந்தது. பிறகு நகர நிர்வாகம் அந்தக் கட்டடங்களையும் ஓவியங்களையும் பாதுகாக்கப்பட்ட பாரம்பரிய வட்டாரமாக அறிவிக்க முன்வந்தபோது, அதை முன்னின்று எதிர்த்தவர்கள் அங்கே குடியிருந்தவர்களே. பழுது பார்க்கும் செலவு கூடும், வரி ஏறும், சுவர்கள் நிற்கும், அவற்றைத் தீட்டிய கைகள் மட்டும் அங்கே இராமற்போகும் என்று அவர்கள் வாதாடினார்கள். 2020-ஆம் ஆண்டின் இறுதியில் சிகாகோ நகர மன்றம் அந்த யோசனையைக் கைவிட்டது. தங்கள் கலைக்குக் கிடைத்த கௌரவத்தையே அஞ்சி விலக்கும்படியான நிலைமை ஒரு ஜன சமூகத்துக்கு ஏற்பட்டதென்றால், அந்தக் கௌரவம் வழங்கப்படும் முறையில் எங்கேயோ பெரும் பிழை இருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

அவ்வளவு தூரம் போவானேன்? செஞ்சிக் கோட்டையை விரிவாக்கி வலுப்படுத்திய நாயக்கர்கள் யாருக்குக் கீழ்ப்பட்டு ஆண்டார்களோ, அந்த விஜயநகரத்தின் தலைநகரமாகிய ஹம்பி 1986-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. விரூபாட்சர் ஆலயத்தின் எதிரே நீண்டு கிடக்கும் பழைய கடைவீதியின் கல்மண்டபங்களில் பல ஆண்டுகளாகக் குடியிருந்து, யாத்திரிகர்களுக்குச் சோறும் பூவும் தங்குமிடமும் அளித்துப் பிழைத்துவந்த முந்நூறுக்கும் மேற்பட்ட குடும்பங்கள், 2011 ஜூலை 29 அன்று, இயந்திரங்கள் தங்கள் வீடுகளை இடித்துத் தள்ளுவதைத் தெருவில் நின்று பார்த்தன. மண்டபங்களைக் காக்க வேண்டும் என்ற நோக்கத்தை நான் குறை சொல்லவில்லை. அது அரசாங்கத்தின் கடமை. ஆனால் கடைவீதி என்பது கல் மட்டுமா? வாங்குகிறவனும் விற்கிறவனும் கூடினாலன்றோ அது கடைவீதி? மாற்றிடமும் மாற்றுத் தொழிலும் முன்னரே சித்தமாக இருந்து, அந்த ஜனங்களோடு கலந்து பேசிய பிறகு அக்காரியம் நடந்திருக்குமானால், கல்லும் பிழைத்திருக்கும், குடியும் பிழைத்திருக்கும்.

செஞ்சியில் அத்தகைய இடிப்பு நடந்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. நான் அஞ்சுவது, சட்டத்தின் பாரம் ஒருவன் தலையிலும் அதன் பலன் வேறொருவன் கையிலும் போய்ச் சேர்வதை. பழங்கால நினைவுச் சின்னங்களைக் காக்கும் 1958-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு 2010-இல் செய்த திருத்தத்தின்படி, மத்திய அரசின் பாதுகாப்பிலுள்ள நினைவுச் சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதிய கட்டடம் எழுப்பக் கூடாது. அதற்கப்பால் மேலும் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே எழுப்ப வேண்டும். தடைப்பகுதியில் இருக்கும் பழைய வீட்டைப் பழுது பார்ப்பதற்கும் அனுமதி வேண்டும். கல் உடைப்பாரிடமிருந்தும் பேராசைக்காரரிடமிருந்தும் கோட்டையைக் காப்பதற்கு இத்தகைய சட்டம் அவசியமே. எனினும், ஓட்டு வீட்டின் கூரை ஒழுகுகிறது என்பதற்காக எந்த அலுவலகத்துக்கு எந்த விண்ணப்பத்தை எழுதுவது என்று அறியாமல் மதிலோரத்து ஏழை தவிக்கிறபோது, முந்நூறு மீட்டருக்கு அப்பால் மனை வாங்கிய தனவந்தர், குன்றின் காட்சியைச் சன்னலில் வைத்து விடுதி கட்டிப் பொருள் ஈட்ட முடியும். கோட்டைக்காக விட்டுக்கொடுத்தவன் ஒருவன், கோட்டையால் பெற்றவன் வேறொருவன் என்றானால், அது தர்மத்துக்கு ஒவ்வாது.

நம் முன்னோருக்கு இந்த விவகாரம் புதியதன்று. பழைய அரசர்கள் கோயிலுக்கும் அந்தணர்க்கும் நிலம் வழங்கியபோது, அங்கே ஏற்கெனவே இருந்து உழுது வந்தவர்களின் கதி என்ன என்பதைச் சாசனத்திலேயே தெளிவாக எழுதினார்கள். அவர்களை அகற்றிவிட்டுக் கொடுத்தால் அது குடி நீக்கிய தானம். அவர்கள் அங்கேயே இருக்கும்படி விட்டுக் கொடுத்தால் அது குடி நீங்காத் தேவதானம். இரண்டுமே நம் வரலாற்றில் உண்டு; ஆகையால் முன்னோர் எல்லாரும் நியாயவான்கள் என்று நாம் சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் ஒன்று உண்மை: தானம் கொடுப்பதற்கு முன்பு குடி என்னவாகும் என்று அவர்கள் கேட்டார்கள்; கேட்டு விடையைக் கல்லிலும் செம்பிலும் எழுதிவைத்தார்கள். செஞ்சிக்காக இனி வகுக்கப்படும் எந்தத் திட்டமும் அந்த வினாவுக்கு முதல் பக்கத்திலேயே விடை சொல்ல வேண்டும். அந்த விடை, குடி நீங்காது என்பதாகவே இருக்க வேண்டும்.

அதற்கு வேண்டிய சட்டங்கள் பெரும்பாலும் நம்மிடம் இருக்கின்றன. 1971-ஆம் ஆண்டு நகர ஊரமைப்புச் சட்டம், திட்ட வரைவின்மேல் பொதுமக்கள் ஆட்சேபணையும் ஆலோசனையும் தெரிவிக்க வழி வைத்திருக்கிறது. அந்த வரைவு எளிய தமிழில் பேரூராட்சி அலுவலகத்திலும் சுற்றுக் கிராமங்களின் கிராம சபைகளிலும் வாசித்து விளக்கப்பட வேண்டும். 2013-ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டம், பட்டாதாரரை மட்டுமன்றி, மூன்று ஆண்டுகளாக அந்நிலத்தை நம்பிப் பிழைத்துவந்த குத்தகைதாரரையும் கூலியாளையும் கைவினைஞரையும் பாதிக்கப்பட்டோராகக் கணக்கிடச் சொல்கிறது. சாலையோ வாகன நிறுத்துமிடமோ அமைப்பதற்கு ஓர் அங்குல நிலம் எடுக்கப்படுமுன், இவர்கள் எல்லாருடைய பெயரும் பதிவாக வேண்டும். 2014-ஆம் ஆண்டு தெருவோர வியாபாரிகள் சட்டம், விற்பனைக் குழுவில் நூற்றுக்கு நாற்பதுக்குக் குறையாத இடத்தை வியாபாரிகளுக்கும், அதில் மூன்றில் ஒரு பங்கைப் பெண்களுக்கும் ஒதுக்குகிறது. கோட்டை வாயிலில் கூடை வைத்து உட்காரும் பெண்மணி அந்தக் குழுவில் நாற்காலியில் உட்கார வேண்டும். இவற்றோடு, நெடுங்காலமாகக் குடியிருப்போருக்கு மனைப்பட்டாவும், பழைய வீட்டைப் பழுது பார்க்கும் அனுமதியைத் தாலுகா அலுவலகத்திலேயே பெறும் வசதியும், யாத்திரிகர்களைத் தங்கவைக்கும் உரிமையில் உள்ளூர் மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு முதலிடமும் கிடைக்குமானால், புகழ் வந்த வழியிலேயே க்ஷேமமும் வரும்.

அபிவிருத்தி தடைபடும் என்று இதற்கு மறுப்புக் கூறுவோர் உண்டு. நல்ல சாலை, தங்குமிடம், சுத்தமான கழிப்பிடம், படித்த இளைஞருக்கு உத்தியோகம் ஆகியவை செஞ்சிக்கு வேண்டியவைதான். அவை தாமதமாகவே வருகின்றன என்பது என் அபிப்பிராயமும் கூட. ஆனால் ஊர்க்காரரைக் கலந்து போடப்பட்ட சாலை ஒரு மாதம் பிந்தி முடிந்தால் அது நஷ்டமாகாது. ஊரையே இழந்து முடிந்தால் அதற்கு ஈடு கிடையாது. உலகப் பாரம்பரியக் குழுவும் 2007-இல், பாதுகாப்பின் குறிக்கோள்களுள் ஒன்றாக அந்தந்த இடத்துச் சமூகத்தின் பங்கைச் சேர்த்துக்கொண்டிருக்கிறது. ஆகவே நாம் கேட்பது சலுகை அன்று, ஏற்றுக்கொள்ளப்பட்ட நெறி.

புதுச்சேரிக் கடற்கரையில், காந்தியடிகளின் சிலையைச் சூழ்ந்து நிற்கும் சித்திர வேலைப்பாடு மிக்க கல்தூண்கள், பிரெஞ்சுக்காரர் காலத்தில் செஞ்சியிலிருந்து கொண்டுபோகப்பட்டவை என்று சொல்வார்கள். அவற்றின் அழகை அங்கே மாலைதோறும் ஆயிரம் பேர் கண்டு மகிழ்கிறார்கள். ஆயினும் எந்த மண்டபத்தைத் தாங்கி நின்றோம் என்று சொல்ல அவற்றுக்கு நாவில்லை. கல்லை ஒருமுறை பெயர்த்துக் கொடுத்தாயிற்று. இனி ஜனங்களையும் பெயர்க்க வேண்டாம். தொண்டூர்ப் பாறையில் மோசியின் பெயர் இளங்காயிபன் பெயரோடு ஒரே சாசனத்தில் இன்றும் இருக்கிறது. செஞ்சிக்கான திட்டம் எழுதப்படும் நாளில், அந்த ஊர்க் குடிகளின் பெயரும் அப்படியே அதில் சேர்த்து எழுதப்பட வேண்டும்.