ஒரு வரி விடைக்குப் பின்னால் ஒரு பெண்



சில ஆண்டுகளுக்கு முன், தமிழ்மொழி விழா நாடகம் ஒன்றுக்காகப் பிடோக்கில் மாணவர்களுக்குப் பயிற்சி அளித்துக்கொண்டிருந்தேன். முதன்மைப் பாத்திரத்திற்குத் தேர்வான சிறுமியின் தந்தையார் வந்தார். “பேச்சுப் போட்டி என்றால் அனுப்புகிறேன் டீச்சர். பெண்பிள்ளைக்குக் கூத்து வேண்டாம்” என்றார். மறுநாள் அவள் வரவில்லை. அவளுடைய தம்பி வந்தான்; அவனுக்குத் தடையில்லை.

முதல் தமிழ்ப் பேசும்படம் எது என்று நம் மாணவர்களைக் கேளுங்கள். ‘காளிதாஸ், 1931’ என்று சிலராவது சொல்வார்கள். அதன் கதாநாயகி யார் என்றால் மௌனம். குற்றம் அவர்களுடையதன்று, நாம் சொல்லித் தரவில்லை.

அவர் டி. பி. ராஜலட்சுமி. 1911-இல் திருவையாற்றில் பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர். விளையாடும் வயதில் மணம் முடித்தார்கள்; அது நிலைக்கவில்லை. தந்தையும் மறைந்தார். பிழைப்புக்கு வழி தேடிய அச்சிறுமிக்கு நாடகக் கொட்டகையே கதவு திறந்தது. பெண் வேடத்தையும் ஆண்களே கட்டிய நாடகக் கம்பெனிகள் மலிந்திருந்த காலம் அது. மேடையேறிய பெண்ணின் ஒழுக்கத்தை ஊரே விசாரித்த காலம். பாட்டும் வசனமும் அம்மேடையில் பயின்றார். அந்தத் தேர்ச்சிதான் எச். எம். ரெட்டி இயக்கிய ‘காளிதாஸ்’ படத்திற்கு அவரைக் கொண்டுசேர்த்தது. 1936-இல் ‘மிஸ் கமலா’வை எழுதி இயக்கி, தமிழ்த் திரையின் முதல் பெண் இயக்குநரும் ஆனார்.

குழந்தைக்கு மணம் முடித்தது குலப்பெருமையாம். அவள் உழைத்து உண்டது இழிவாம்! இது என்ன நியாயம்? அந்த அளவுகோலை இன்னுமா நாம் கைவிடவில்லை? நடிகையின் படத்திற்கு நுழைவுச்சீட்டு வாங்க முந்துகிறோம். நம் வீட்டுப் பெண் பள்ளி மேடையில் நடித்தால் மட்டும் தலைகுனிவு என்கிறோம்.

தேர்வு கெடுமே என்ற கவலை நியாயமானது. ஒத்திகை நேரத்தைக் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் தம்பிக்கு இல்லாத கவலை அக்காளுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது? வீட்டில் ஆங்கிலமே பேசும் பிள்ளைகள் தமிழில் சினக்கவும் கெஞ்சவும் சிரிக்கவும் பழகும் இடம் நாடகமேடை. அதைப் பெண்களுக்கு அடைப்பது மொழியின் பாதி வாயை அடைப்பதாகும்.

ஆசிரியர்களே, அடுத்த முறை ‘காளிதாஸ்’ என்று விடை வந்தால் அத்துடன் நிறுத்திவிடாதீர்கள். அந்தப் பெண்ணின் கதையையும் சொல்லுங்கள். பெற்றோர்களே, மகளை நடிகையாக்குங்கள் என்று நான் கேட்கவில்லை. வேண்டாம் என்பதற்கு, அவள் பெண் என்பதைக் காரணமாகச் சொல்லாதீர்கள். அவ்வளவே.