ஃபிரேம் வேண்டவே வேண்டாம்

விருத்தாசலத்தில் செராமிக் பட்டறை வைத்திருந்த என் சித்தப்பாவுக்கு 2003-ல் ஒரு வெப்சைட் செய்து கொடுத்தேன். பிரவுசர் விண்டோவை இரண்டு ஃபிரேம்களாகப் பிரித்து, இடது பக்கம் மெனு, வலது பக்கம் ஃப்யூஸ் கேரியர், ஊறுகாய் ஜாடி, கொலு பொம்மைப் படங்கள். எவ்வளவு ஸ்க்ரோல் செய்தாலும் மெனு அசையாது. "கடை போர்டு மாதிரி எப்பவும் தெரியுதுப்பா!" என்று அவருக்கு ஒரே சந்தோஷம்.

சில மாதம் கழித்து சேலத்திலிருந்து ஒரு வியாபாரி வந்தார். கூகுளில் தேடியபோது பொம்மைப் பக்கம் மட்டும் தனியாகத் திறந்ததாம். கடைப் பெயரும் போன் நம்பரும் மெனு ஃபிரேமில் அல்லவா இருந்தன! ஊர்ப் பெயரை மட்டும் வைத்து, விசாரித்துக்கொண்டே வந்திருக்கிறார். வராமல் போனவர்கள் எத்தனை பேரோ!

மெனு ஒரு ஃபைல், பொம்மைப் பக்கம் வேறொரு ஃபைல். சர்ச் என்ஜின் ஒவ்வொன்றையும் தனியாகத்தான் எடுத்துக்கொள்கிறது. புக்மார்க் செய்தாலும் முதல் பக்கத்துக்கே போகும்.

1996-ல் நெட்ஸ்கேப் 2.0 உடன் வந்த ஃபிரேம்செட், 2014-ல் எச்.டி.எம்.எல். 5 தரத்தில் கைவிடப்பட்டது. பிரவுசர்கள் இன்னும் திறந்து காட்டுகின்றன என்பதற்காக, பழைய புத்தகத்தைப் பார்த்துப் புதிதாகச் செய்யாதீர்கள். மெனுவை ஒவ்வொரு பக்கத்திலும் போன் நம்பரோடு வையுங்கள். அது நகராமல் நிற்க, சி.எஸ்.எஸ்.ஸில் 'பொசிஷன்: ஸ்டிக்கி, டாப்: 0' என்று கொடுத்தால் போதும். மொபைலுக்கு மெனு குட்டையாக இருக்கட்டும். பாதித் திரையை அதுவே அடைத்துக்கொண்டால் பொம்மையை எங்கே பார்ப்பது?