காக்கிச் சட்டையும் வெள்ளைச் சட்டையும்

சென்ற மாதம் ஒரகடத்தில் ஒரு நண்பரின் இல்லத்திற்குச் செல்ல நேர்ந்தது. வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையும், சிங்கப்பெருமாள்கோயிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் செல்லும் சாலையும் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் இடம் அது. ஒரு தலைமுறைக்கு முன் ஏரியும் வயலுமாக இருந்த நிலப்பரப்பில் 2010ஆம் ஆண்டில் ரெனோ நிஸான் கார்த் தொழிற்சாலை வந்தது. 2012இல் டெய்ம்லர் லாரித் தொழிற்சாலையும், 2013இல் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையும் தொடர்ந்தன. இன்று அந்தச் சாலையில் பொழுது புலர்வதும் அடைவதும் கம்பெனிப் பேருந்துகளின் வரவைக் கொண்டே அறியப்படுகின்றன.

நண்பரின் மூத்த மகன் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளி. இரவு ஷிப்ட் முடிந்து வந்து, சற்றே கண்ணயர்ந்து, பின் காவல் துறை உதவி ஆய்வாளர் தேர்வுக்கு உட்கார்ந்து படிக்கிறான். "நம் வீட்டுப் பிள்ளைக்குப் போலீஸ் வேலை எதற்கு பாய்? அது ஊராரின் பகையைச் சம்பாதிக்கும் வேலையல்லவா?" என்று தகப்பனார் என்னிடம் முறையிட்டார். தாயாரோ, "முதலில் வேலை கிடைக்கட்டும், பகையைப் பிறகு பார்ப்போம்" என்று சொல்லித் தேநீரை வைத்துவிட்டுப் போனார்.

பையன் மட்டும் வேறொரு கேள்வி கேட்டான். "மாமா, போலீசில் பெரிய பதவியில் இருந்தவர்கள் ஓய்வு பெற்றபின் எம்.எல்.ஏ. ஆகிறார்களே, அது மக்களுக்கு நல்லதா, கெட்டதா?"

அந்த நேரத்தில் எனக்குச் சரியான விடை தோன்றவில்லை. திரும்பி வரும் வழியில் யோசித்ததையே இந்த மாதம் நேயர்களின் முன் வைக்கிறேன்.

திரும்பும் வழி ஸ்ரீபெரும்புதூர். 1991ஆம் ஆண்டு மே 21ஆம் நாள் இரவு ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட இடம் அங்கே நினைவிடமாக இருக்கிறது. அந்தக் குண்டுவெடிப்பில் அவரோடு மாண்டவர்களில் காவலர்களும் பலர். அவர்களுள் ஒருவர் காவல் கண்காணிப்பாளர் முகம்மது இக்பால். நம் இல்லங்களில் இன்று எத்தனை பேருக்கு அந்தப் பெயர் நினைவிருக்கும்?

அன்றிரவு ராஜீவ் காந்தி பிரதமர் அல்லர். வாக்குக் கேட்டு வந்த ஒரு கட்சியின் தலைவர். அவரைக் காத்து நின்றவர்கள் அவருடைய கட்சி எது என்று பார்க்கவில்லை. எந்தக் கட்சித் தலைவர் வந்திருந்தாலும் அதே இடத்தில் அதே போல நின்றிருப்பார்கள். காக்கிச் சட்டையின் கண்ணியம் இதுதான். அது அரசாங்கம் கொடுத்த உடையானாலும், மக்கள் எல்லோருடைய அமானிதம்.

அந்தச் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு கட்சியின் வெள்ளைச் சட்டையை அணிகின்றவரை எதைக் கொண்டு அளப்பது? தமிழகத்தில் இதற்கு நெருங்கிய சான்று ஒன்று உண்டு. அவர் மயிலாப்பூர்ச் சட்டமன்ற உறுப்பினராக இருந்த ஆர். நடராஜ்.

இந்தியக் காவல் பணியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்து, டி.ஜி.பி. தகுதி வரை உயர்ந்தவர் அவர். 2006ஆம் ஆண்டுச் சட்டமன்றத் தேர்தல் நெருங்கிய வேளையில் சென்னைக் காவல் ஆணையராக இருந்தார். அப்போதைய முதலமைச்சர் ஜெயலலிதாவைப் பாராட்டிப் பேட்டியொன்றில் கூறிய சொற்கள் சர்ச்சையாயின. தேர்தல் ஆணையம் அவரை அப்பொறுப்பிலிருந்து மாற்றியது. அவருக்குப் பின் வந்த லத்திகா சரண் சென்னையின் முதல் பெண் காவல் ஆணையரானார்.

பாராட்டுவது குற்றமா என்று கேட்கலாம். வீட்டில் அமர்ந்து பாராட்டினால் குற்றமன்று. ஆனால் தேர்தல் நாளில் எல்லாக் கட்சியினரும் யாரிடம் புகார் கொண்டுவர வேண்டுமோ, அவரே ஒரு பக்கத்தை மெச்சினால் மறுபக்கத்தார் எந்த நம்பிக்கையோடு வருவார்கள்? நீதி வழங்குவது மட்டும் போதாது. நீதி கிடைக்கும் என்ற நம்பிக்கையையும் வழங்க வேண்டும்.

2011இல் பணி ஓய்வு. 2012இன் தொடக்கத்தில் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தலைவர் பதவி. அதே ஆண்டு ஆகஸ்டில் நடந்த குரூப் 2 தேர்வின் வினாத்தாள் முன்கூட்டியே கசிந்தது தெரியவந்ததும் அத்தேர்வு ரத்துச் செய்யப்பட்டு, நவம்பரில் மீண்டும் நடத்தப்பட்டது. பல இலட்சம் இளைஞர்கள் இருமுறை எழுத நேர்ந்தது வருத்தமே. ஆயினும் கசிந்த தேர்வைக் கொண்டு பதவி வழங்குவதினும் அது மேல்.

அரசியல் சட்டத்தின் 319ஆம் பிரிவு, மாநிலத் தேர்வாணையத் தலைவராக இருந்தவர் அப்பதவிக்குப் பின் மற்றத் தேர்வாணையங்களின் பொறுப்புத் தவிர வேறு அரசு வேலை எதையும் ஏற்கக் கூடாது என்று தடுக்கிறது. ஆள்வோரின் தயவை எதிர்பார்த்து அவர் வளைந்துவிடக் கூடாது என்பதே அதன் நோக்கம். ஆனால் கட்சியில் சேர்வதையும் தேர்தலில் நிற்பதையும் அது தடுக்கவில்லை. 2014இல் நடராஜ் அ.தி.மு.க.வில் சேர்ந்தார்.

2015ஆம் ஆண்டின் இறுதியில், சென்னை பெருவெள்ளத்தில் தத்தளித்த நாட்களில், விசித்திரமான சம்பவம் ஒன்று நடந்தது. அவரைக் கட்சியிலிருந்து நீக்கியதாக அறிவிப்பு வெளியாயிற்று. அதே பெயருடைய வேறொருவர் தொலைக்காட்சியில் சொன்ன கருத்தை இவர் சொன்னதாக எண்ணிவிட்டார்கள்! உண்மை விளங்கியபின் நீக்கம் திரும்பப் பெறப்பட்டது. வாழ்நாளின் பெரும்பகுதியைக் காவல் பணியில் கழித்த ஒருவர், விசாரணையின்றித் தண்டிக்கப்படுவது எப்படியிருக்கும் என்பதைத் தம் கட்சியிலேயே கண்டுகொண்டார்.

2016 மே மாதத் தேர்தலில் மயிலாப்பூரில் வென்று சட்டமன்றத்திற்குள் நுழைந்தார். அவருடைய அரசியல் வாழ்வின் உரைகல் அடுத்த ஆண்டு பிப்ரவரியில் வந்தது.

நேயர்களுக்கு அந்த நாட்கள் மறந்திராது. 2016 டிசம்பர் 5இல் ஜெயலலிதா மறைந்தார். இரண்டே மாதத்தில் கட்சி பிளந்தது. சட்டமன்ற உறுப்பினர்கள் கூவத்தூர் விடுதியில் தங்கவைக்கப்பட்டிருந்த காட்சியை நாடே பார்த்தது. 2017 பிப்ரவரி 18ஆம் நாள் எடப்பாடி பழனிசாமி நம்பிக்கை கோரும் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். வாக்கெடுப்பிற்கு முந்திய நாள் நடராஜ் தம் முடிவை அறிவித்தார்: தொகுதி மக்களின் எண்ணத்தை மதித்து அரசுக்கு எதிராக வாக்களிப்பது என்று. தீர்மானத்திற்கு ஆதரவாக 122 வாக்குகள்; எதிராக 11. அந்தப் பதினொருவரில் அவர் ஒருவர்.

இதன் கனத்தை உணர வேண்டுமானால் கட்சித்தாவல் தடைச் சட்டத்தை அறிய வேண்டும். 1985இல் அரசியல் சட்டத்தில் சேர்க்கப்பட்ட பத்தாவது அட்டவணையின்படி, கட்சியின் கட்டளைக்கு மாறாக வாக்களிக்கும் உறுப்பினர் தம் பதவியையே இழக்கலாம். பதினைந்து நாட்களுக்குள் கட்சி மன்னித்தால் மட்டுமே தப்பலாம். மேலிருந்து வரும் உத்தரவுக்கு வணங்கியே உயர்ந்த ஒரு காவல் அதிகாரி, கீழேயிருந்து வந்த குரலுக்குச் செவிசாய்த்து மேலிடத்து உத்தரவை மீறிய தருணம் அது.

ஆனால் கதையை அங்கேயே நிறுத்தி மாலை சூட்டிவிட முடியாது. ஆறே மாதத்தில், 2017 ஆகஸ்ட் 21இல், இரு அணிகளும் இணைந்தன. எதிர்த்து வாக்களித்த அதே அரசின் பக்கம் பதினொருவரும் அமர்ந்தார்கள், ஓ. பன்னீர்செல்வம் துணை முதலமைச்சரானார், மா.ஃபா. பாண்டியராஜன் அமைச்சரானார். நடராஜுக்கு அமைச்சர் பதவி இல்லை. முதலமைச்சர்மீது நம்பிக்கையில்லை என்று ஆளுநரிடம் மனுக் கொடுத்த பதினெட்டு உறுப்பினர்கள் அவ்வாண்டு செப்டம்பரில் பதவியிழந்தார்கள். அவையிலேயே எதிர்த்து வாக்களித்த பதினொருவரின் பதவியோ நிலைத்தது. அவர்கள்மீதான வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2018 ஏப்ரலில் தள்ளுபடி செய்தது. 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் முடிவைப் பேரவைத் தலைவரிடமே விட்டது. 2021 தேர்தலில் மயிலாப்பூர் மக்கள் தி.மு.க.வின் த. வேலுவைத் தேர்ந்தெடுத்தார்கள்.

இந்த வாழ்க்கையிலிருந்து நான் கண்ட விடை இது: காக்கிச் சட்டை ஒருவருக்கு அறிவைத் தரும், நடுநிலையைத் தானாகத் தந்துவிடாது. அவ்வறிவு பெரிது. ஒரு முதல் தகவல் அறிக்கை எப்படி எழுதப்படுகிறது, எப்படித் திருத்தப்படுகிறது, மேலிடத்துத் தொலைபேசி எந்த நேரத்தில் வரும் என்பதெல்லாம் அறிந்தவர் அவையில் பேசினால் அமைச்சரும் செவிகொடுத்தே ஆக வேண்டும். ஆனால் நடுநிலை, சட்டையை மாற்றுவதற்கும் பதவியைப் பெறுவதற்கும் இடையே அவர் விடும் தூரத்தில் இருக்கிறது.

அந்தத் தூரம் இன்று சுருங்கி வருகிறது. உத்தரப் பிரதேசத்தில் கான்பூர்க் காவல் ஆணையராக இருந்த அசீம் அருண், 2022 ஜனவரியில் தேர்தல் அறிவிக்கப்பட்ட வேளையில் விருப்ப ஓய்வு கேட்டார். மார்ச்சில் கன்னோஜில் வென்று அமைச்சருமானார். நம் மாநிலத்தில் கே. அண்ணாமலை 2019இல் காவல் பணியைத் துறந்து, 2020 ஆகஸ்டில் பாரதிய ஜனதாவில் சேர்ந்தார். 2021இல் அரவக்குறிச்சியில் நின்று தோற்றார். பணிக்கும் தேர்தலுக்கும் இடையே கட்டாய இடைவெளி வேண்டும் என்ற கோரிக்கை 2022இல் உச்ச நீதிமன்றம் சென்றது. அது அரசும் மக்கள் மன்றமும் தீர்மானிக்க வேண்டிய விஷயம் என்று நீதிமன்றம் ஒதுங்கிக்கொண்டது. நேற்று வரை எல்லோருக்கும் பொதுவானவர், இன்று ஒரு கட்சியின் வேட்பாளர் என்றால், நேற்று அவர் போட்ட வழக்குகளை மக்கள் எப்படிப் பார்ப்பார்கள்?

இதெல்லாம் ஒரகடத்து நண்பரின் வீட்டிற்கு எதற்கு என்று கேட்கலாம். அந்தத் தொழிற்சாலை வட்டாரத்தில்தான் இது அதிகம் தேவை. 2021 டிசம்பரில் விடுதி உணவு நஞ்சாகிப் பாதிக்கப்பட்ட ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் அமர்ந்தார்கள். 2024 செப்டம்பரில் சுங்குவார்சத்திரம் சாம்சங் தொழிலாளர்கள் தொடங்கிய வேலைநிறுத்தம் 37 நாட்கள் நீடித்தது. அதில் கைதுகளும் நடந்தன. தொழிலாளி, முதலாளி, அரசு ஆகிய மூவருக்கும் நடுவே நிற்க வேண்டியவர் காவலர். அவர் எப்பக்கம் சாய்கிறார் என்பதே பல குடும்பங்களின் அன்றாட நிம்மதி.

அவர் தவறினால் யாரிடம் முறையிடுவது? 2006 செப்டம்பர் 22இல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், காவல் துறைமீதான புகார்களை விசாரிக்க ஓய்வு பெற்ற நீதிபதியின் தலைமையில் ஆணையம் வேண்டும் என்றது. தமிழகம் 2013இல் இயற்றிய காவல் சீர்திருத்தச் சட்டமோ, மாநில அளவில் உள்துறைச் செயலாளரையும், மாவட்ட அளவில் ஆட்சியரையும் தலைவராக்கியது. அரசின்மீதான முறையீட்டை அரசு அதிகாரியே கேட்பது எந்த ஊர் நியாயம்? 2020 ஜூனில் சாத்தான்குளத்துத் தந்தையும் மகனும் மாண்டபோது இக்கேள்வி நாட்டையே உலுக்கியது. காவல் துறை மானியக் கோரிக்கை ஆண்டுதோறும் பேரவையில் விவாதிக்கப்படுகிறது. உள்ளிருந்து அறிந்த ஒருவர் எழுந்து இதைக் கேட்பாரானால், அவருடைய காக்கி நாட்களுக்கு அதைவிடப் பெரிய பயன் வேறில்லை.

ஆகவே, வாக்குக் கேட்டு வரும் முன்னாள் அதிகாரியிடம் நம் வீட்டார் மூன்று கேள்விகள் கேட்கட்டும். பணியில் இருந்தபோது எல்லோருக்கும் பொதுவாக இருந்தீர்களா? எத்தனை நாள் பொறுத்துக் கட்சிக்கு வந்தீர்கள்? கட்சி ஒன்றையும் தொகுதி மற்றொன்றையும் சொல்லும் நாளில் எந்தப் பக்கம் நிற்பீர்கள்?

நண்பரிடமும் ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளையைத் தடுக்க வேண்டாம், பாய்! தேர்வு எழுதட்டும். முகம்மது இக்பால் அணிந்திருந்த சட்டை அது. ஓய்வுக்குப் பின் என்ன செய்வது என்பதைப் பற்றி அவன் இப்போதே கவலைப்பட வேண்டியதில்லை. முப்பது ஆண்டுகள் அதை ஒரு பக்கமும் சாயாமல் அணிந்திருந்தால், பிறகு எந்தச் சட்டை அணிந்து வந்தாலும் ஊரார் அவனை நம்புவார்கள், இன்ஷா அல்லாஹ்.