கஞ்சாவுக்கு எந்த அரசாங்கத்தின் சட்டம்?



சென்ற டிசம்பர் விடுமுறையில் முன்னாள் மாணவர் ஒருவர் தம் தந்தையுடன் என் இல்லத்திற்கு வந்திருந்தார். ஆறாம் ஆண்டில் என்னிடம் பயின்றவர். இப்போது கலிபோர்னியாவில் பொறியியல் இறுதியாண்டு. பேச்சு எங்கெங்கோ சென்று கஞ்சாவில் வந்து நின்றது. “ஐயா, அங்கே அது சட்டபூர்வம். இருபத்தொரு வயதாகிவிட்டால் அடையாள அட்டையைக் காட்டிக் கடையிலேயே வாங்கலாம்,” என்றார். அருகில் அமர்ந்திருந்த தந்தையும் ‘ஆமாம்’ என்பதுபோல் தலையசைத்தார். மகனின் சொல்லைவிடத் தந்தையின் தலையசைப்பே என்னை அதிகம் அச்சுறுத்தியது.

அமெரிக்காவில் கஞ்சாவுக்கு அனுமதி என்று நம் நாளேடுகள் பெரிய எழுத்தில் தலைப்பிடுகின்றன. இது முழுப் பொய்யன்று. ஆனால் அரைப் பொய். முழுப் பொய்யை நம் பிள்ளைகள் எளிதில் கண்டுகொள்வார்கள். அரைப் பொய்தான் அவர்களைக் கவிழ்க்கிறது.

அமெரிக்கக் கூட்டரசு 1970-ஆம் ஆண்டில் இயற்றிய போதைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டம், கஞ்சாவை ஹெராயினோடு சேர்த்து மிகக் கடுமையான முதலாம் பட்டியலில் வைத்தது. கலிபோர்னியா 1996-இல் மருத்துவத் தேவைக்கும், 2016-இல் பெரியவர்களின் பொதுப் பயன்பாட்டுக்கும் வாக்கெடுப்பின் வழி கதவைத் திறந்தது. கொலராடோவும் வாஷிங்டன் மாநிலமும் 2012-இலேயே பொதுப் பயன்பாட்டை அனுமதித்துவிட்டன. இன்று இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் அவ்வழியில் உள்ளன. ஆயினும், ஒரு மாநிலம் தன்னுடைய தண்டனையைத்தான் நீக்க முடியும். கூட்டரசின் தண்டனையை நீக்க அதற்கு அதிகாரமில்லை. ஆகவே அங்கே ‘சட்டபூர்வம்’ என்பதன் பொருள், ‘இந்த மாநிலத்தின் காவலர் உன்னைப் பிடிக்கமாட்டார்’ என்பது மட்டுமே.

இது வெறும் ஏட்டுச் சட்டம் என்று எண்ணிவிடாதீர்கள். டயான் மான்சன் என்ற கலிபோர்னியப் பெண்மணி, மருத்துவரின் பரிந்துரைப்படி வீட்டில் ஆறு கஞ்சாச் செடிகள் வளர்த்தார். 2002-இல் அதிகாரிகள் அவர் வீட்டுக்கு வந்தனர். மாவட்ட அதிகாரிகள், மாநிலச் சட்டப்படி இதில் குற்றமில்லை என்றனர். கூட்டரசு அதிகாரிகளோ, குற்றமே என்றனர். ஒரே வீட்டு வாசலில் இரண்டு அரசாங்கங்கள் மூன்று மணி நேரம் இழுபறி! இறுதியில் ஆறு செடிகளையும் கூட்டரசு அதிகாரிகள் கைப்பற்றி அழித்தனர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2005-இல் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் கூட்டரசின் பக்கமே தீர்ப்பு வந்தது.

“அதெல்லாம் பழைய கதை, இப்போது யாரையும் பிடிப்பதில்லை” என்பார்கள். பிடிக்காமலிருப்பது கருணை, உரிமையன்று. மாநிலச் சட்டத்தைப் பின்பற்றுவோர் மீது வழக்குத் தொடர்வதற்கு முன்னுரிமை வேண்டாம் என்று 2013-இல் கூட்டரசின் நீதித்துறை ஒரு சுற்றறிக்கை விடுத்தது. 2018 ஜனவரியில் அடுத்து வந்தவர்கள் அதே சுற்றறிக்கையை ஒரே நாளில் திரும்பப் பெற்றார்கள். ஒரு தாளில் வந்தது, இன்னொரு தாளில் போயிற்று. இதை நம்பியா நம் பிள்ளைகளின் எதிர்காலத்தை வைப்பது?

இன்னொரு வேடிக்கையும் உண்டு. குற்றம் என்று சொல்லும் அதே கூட்டரசு, கஞ்சாக் கடைகளிடம் வருமான வரியைக் கூசாமல் வாங்கிக்கொள்கிறது. கடை வாடகை, விற்பனையாளர் சம்பளம் போன்ற செலவுகளைக் கழித்துக்கொள்ள விடாத வரி விதியொன்றை 1982-இலேயே இயற்றி வைத்திருக்கிறது. மாநிலமும் தன் பங்குக்கு வரி வாங்குகிறது. இரு அரசாங்கங்களும் முரண்பட்டு நிற்கின்றன, இரண்டின் கல்லாவும் நிறைகிறது! முரண்பாட்டின் விலையைக் கொடுப்பவர் மட்டும் நடுவில் நிற்கும் மனிதர்.

நமக்கா இது புரியாது? கல்வி கூட்டரசிடம், நிலம் மாநிலத்திடம் என்பதால் தமிழ்ப்பள்ளிகள் பட்ட பாட்டை இங்கே அறியாதவர் யார்? ஆனால் போதைப்பொருள் சட்டம் நமக்கு நாடு முழுமைக்கும் ஒன்றே. பெர்லிஸிலும் சபாவிலும் 1952-ஆம் ஆண்டுச் சட்டம்தான். அதனாலேயே, ஒரு நாட்டில் ஒரு சட்டம் என்ற பழக்கத்தோடு நம் பிள்ளைகள் விமானம் ஏறுகிறார்கள். இறங்கும் நாட்டிலோ, கலிபோர்னியாவுக்குள் இருக்கும் யோசெமிட்டி தேசியப் பூங்கா கூட்டரசின் நிலம். அங்கே ஒரு சிறு பொட்டலமும் குற்றம். ஒரேகனும் வாஷிங்டனும் அனுமதித்த மாநிலங்கள். ஆனால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எடுத்துச் செல்வது கூட்டரசுக் குற்றம். கலிபோர்னியாவிலேயே கடைகளுக்கு இடமளிக்காத நகரங்கள் பல. கூட்டரசின் நிதி பெறும் பல்கலைக்கழகங்களோ தம் வளாகத்தில் அதைத் தடைசெய்தே ஆகவேண்டும்.

நம்மவர்களுக்கு உண்மையான ஆபத்து குடிநுழைவில் இருக்கிறது. விசா, நுழைவு, குடியுரிமை எல்லாம் கூட்டரசின் கையில். குடியுரிமை கொண்ட அமெரிக்க மாணவர் வார இறுதியில் புகைத்துவிட்டுத் திங்களன்று வகுப்புக்கு வந்துவிடலாம். பக்கத்து அறையில் வசிக்கும் நம் பிள்ளை, நீதிமன்றத் தண்டனை ஏதும் பெறாவிட்டாலும், குடிநுழைவு அதிகாரியின் முன் முறைப்படி ஒப்புக்கொண்டாலே நாட்டுக்குள் நுழையும் தகுதியை இழக்க நேரிடும். எல்லையில் கைப்பேசியைச் சோதிக்கும் அதிகாரமும் அவர்களுக்கு உண்டு. மாநிலம் அனுமதித்த கஞ்சாவானாலும் அது குடியுரிமை விண்ணப்பத்திற்குத் தடையாகலாம் என்று 2019-இல் வழிகாட்டியே வெளியிட்டார்கள். கனடாவில் 2018-இல் கூட்டரசே முதலில் சட்டத்தை மாற்றியது. வயது வரம்பை மாநிலங்கள் வகுத்துக்கொண்டன. அல்பெர்ட்டாவில் 18, கியூபெக்கில் 21. உடன்படுகிறோமோ இல்லையோ, அங்கே சொல்லுக்கு ஒரே பொருள்தான்.

வடக்கே தாய்லாந்து 2022 ஜூன் மாதத்தில் கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கியது. 2025 ஜூன் மாதத்தில் மருத்துவச் சீட்டின்றிப் பூவை விற்கலாகாது என்று இறுக்கியது. ஹாட்ஞாய்ச் சுற்றுலா செல்லும் இளைஞர்களுக்கு முதற்செய்தி தெரியும், இரண்டாவது தெரியாது. திரும்பும் வழியில் புக்கிட் காயு ஹீத்தாமில் நிற்பது நம் சட்டம்: 200 கிராம் கைவசம் இருந்தால் கடத்தலென்றே அனுமானிக்கப்படும். 2023-இல் நீக்கப்பட்டது கட்டாய மரண தண்டனைதான்; மரண தண்டனையே நீங்கிவிடவில்லை. சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டில் உட்கொண்டாலும் உள்நாட்டில் உட்கொண்டதாகவே கருதப்படுவர்.

நாம் என்ன செய்கிறோம்? ஆண்டுக்கு ஒருமுறை போதைப்பொருள் எதிர்ப்புச் சொற்பொழிவு. மண்டையோட்டுப் படம், “வேண்டாம்” என்று உரக்க ஓர் உறுதிமொழி, பிறகு மைலோ. பன்னிரண்டு வயதில் அது போதும். இருபத்தொரு வயதில், ஒளி மின்னும் கடையொன்றின் முன் நிற்கும்போது அந்த மண்டையோடு எதற்குப் பயன்படும்? அங்கே தேவைப்படுவது, இது யாருடைய சட்டம் என்று கேட்கும் அறிவு.

அன்று அந்த மாணவரிடம் குடிநுழைவு விதியைச் சொன்னேன். சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு கைப்பேசியை எடுத்து எதையோ அழித்தார். நான் எதுவும் கேட்கவில்லை, தந்தை கேட்டார்.

அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இதற்கு அரை மணி நேரம் ஒதுக்குமாறு தலைமையாசிரியரிடம் எழுத்துப்பூர்வமாகக் கேட்டிருக்கிறேன். இடைநிலைப்பள்ளியிலும் கல்லூரியிலும் மூத்த பிள்ளைகள் உள்ள பெற்றோர்கள் அவர்களையும் அழைத்து வாருங்கள்.