நெப்போலியனும் நம் கோட்டை மான்களும்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் வாசியுங்கள். தரம் 11இல் பிள்ளை இருப்பவர்கள் கட்டாயம் வாசியுங்கள்.

கடந்த வாரம் வகுப்பில் பிரெஞ்சுப் புரட்சி போய்க்கொண்டிருந்தது. ஒரு மகன் எழும்பி, "சேர், இதுக்கும் எங்கட ஊருக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. வழமை போல நாங்களும் சிரித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிருக்கலாம். பல வருடமாக அப்படித்தான் செய்து வந்தோம். பாடப்புத்தகத்தில் பிரெஞ்சுப் புரட்சி ஒரு அலகில் இருக்கிறது, பிரித்தானியர் இலங்கையைப் பிடித்தது இன்னொரு அலகில் இருக்கிறது. இரண்டும் சந்திக்கும் இடம் நம் துறைமுகம் என்று வினாத்தாள் கேட்பதில்லை. வினாத்தாள் கேட்காததை ஆசிரியர்களாகிய நாங்களும் சொல்வதில்லை.

ஏன் இந்தத் துறைமுகம்? நம் மீனவர்களைக் கேட்டாலே சொல்வார்கள். வாடைக்காற்று தொடங்கினால் கிழக்குக் கடலில் ஒதுங்க இடம் வேண்டும். அந்தக் காலத்தில் சென்னையில் கப்பல்கள் திறந்த கடலில்தான் நங்கூரமிட்டன. ஒக்டோபரில் புயல் காலம் வந்தால் ஆங்கிலேயரின் போர்க்கப்பல்கள் இந்தியாவைச் சுற்றிக்கொண்டு பம்பாய்க்குப் போயாக வேண்டும். அந்த மாதங்களில் வங்காள விரிகுடா காவலின்றிக் கிடக்கும். எந்தக் காற்றிலும் ஒரு கடற்படை முழுவதும் பத்திரமாக நிற்கக்கூடிய இயற்கைத் துறைமுகம் இந்தப் பக்கத்தில் திருகோணமலைதான். நெல்சன் இதைப் புகழ்ந்தார் என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். வளவுக்குக் கண் வைத்தவன் வளவைப் புகழ்வதில் நமக்கென்ன பெருமை என்று தெரியவில்லை.

1782இல் மட்டும் இங்கே மூன்று கொடிகள் பறந்தன. வருடம் பிறக்கும்போது ஒல்லாந்தர், ஜனவரியில் ஆங்கிலேயர், ஓகஸ்ட் முடிவில் பிரெஞ்சுக் கடற்தளபதி சுவ்ரென். சமாதானம் வந்ததும் திரும்பவும் ஒல்லாந்தரிடமே போனது.

இனி அந்த மகனின் கேள்விக்கு வருவோம். புரட்சிக்குப் பிந்திய பிரெஞ்சுப் படை 1795இன் தொடக்கத்தில் ஒல்லாந்துக்குள் புகுந்தது. அந்நாட்டின் தலைவர் ஐந்தாம் வில்லியம் இங்கிலாந்துக்குத் தப்பியோடினார். அங்கே கியூ என்ற இடத்தில் இருந்துகொண்டு, தன் நாட்டின் குடியேற்றங்களுக்குள் பிரித்தானியப் படைகளை அனுமதிக்கும்படி ஆளுநர்களுக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தைக் காட்டிக்கொண்டுதான் ஆங்கிலேயர் திருகோணமலையில் இறங்கினார்கள். கோட்டை உடனே பணியவில்லை. முற்றுகைக்குப் பிறகு ஓகஸ்ட் 26ஆம் திகதி விழுந்தது. பாரிஸில் தொடங்கிய புரட்சி ஆறு வருடத்தில் நம் கடற்கரைக்கு வந்துவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொன்னபோது பிள்ளைகள் இன்னும் அமைதியாகக் கேட்டார்கள். 1798இல் நெப்போலியன் எகிப்தில் இறங்கினான். இஸ்லாத்தின் நண்பன் என்று அறிக்கை விட்டான். அதே வருடம் ஒக்டோபரில் கெய்ரோ மக்கள் எழுந்தபோது அவனுடைய படையினர் அல்-அஸ்ஹர் பள்ளிவாசலுக்குள் குதிரைகளோடு புகுந்தார்கள். அந்தப் படையை எகிப்திலிருந்து விரட்ட இந்தியாவிலிருந்து பிரித்தானியர் அனுப்பிய படையின் ஒரு பகுதி 1801இன் தொடக்கத்தில் திரண்டு நின்றது நம் திருகோணமலையில். அதைத் திரட்டியவர் ஆர்தர் வெல்லஸ்லி. பின்னாளில் வோட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்த வெலிங்டன் பிரபு இவர்தான். இவர் தங்கிய வீடு என்று சொல்லப்படும் பங்களா இன்றும் கோட்டைக்குள் இருக்கிறது. பிள்ளைகளோடு கோட்டைக்குப் போய் மான்களுக்குத் தீனி கொடுத்துவிட்டு வருகிறோம். அந்தப் பங்களாவை எத்தனை பேர் திரும்பிப் பார்த்திருக்கிறோம்?

1802 மார்ச்சில் பிரான்சின் ஏமியன்ஸ் நகரில் உடன்படிக்கை எழுதப்பட்டது. பிரித்தானியாவுக்காகக் கோர்ன்வாலிஸ், பிரான்சுக்காக நெப்போலியனின் அண்ணன் ஜோசப். போரில் பிடித்தவற்றில் அநேகமானவற்றைத் திருப்பிக் கொடுக்கப் பிரித்தானியா சம்மதித்தது. தனக்கென்று வைத்துக்கொண்டவை டிரினிடாட்டும் இலங்கையின் ஒல்லாந்தப் பகுதிகளும்தான். அவ்வளவு விலை மதித்தார்கள் இந்தத் துறைமுகத்தை. 1815 மார்ச் 2ஆம் திகதி கண்டி ஒப்பந்தத்திலாவது கண்டிப் பிரதானிகள் கையெழுத்து வைத்தார்கள். (எல்பாத் தீவிலிருந்து தப்பிய நெப்போலியன் பிரான்சின் கரையில் இறங்கியது அதற்கு முதல் நாள். இதைச் சொன்னபோதுதான் வகுப்பில் கடைசி வாங்கும் நிமிர்ந்தது.) ஏமியன்ஸில் திருகோணமலையிலிருந்து ஒரு மனிதரையும் யாரும் எதுவும் கேட்கவில்லை. மறு வருடம் கோட்டைக்குப் பெயரும் வைத்தார்கள்: பிரட்ரிக், மூன்றாம் ஜோர்ஜ் மன்னரின் மகன். அவர் இந்த மண்ணை மிதித்ததே இல்லை.

பழைய கதை என்று தள்ளிவிட முடியவில்லை. 1948இல் சுதந்திரம் வந்தது, ஆனால் இங்கிருந்த கடற்படைத் தளம் 1957இல்தான் கைக்கு வந்தது. சீனக்குடாவின் 99 எண்ணெய்த் தாங்கிகளைப் பற்றி 2022 ஜனவரியில் இந்தியாவோடு ஒப்பந்தம் வந்தது. 2025 ஏப்ரலில் இந்தியா, ஐக்கிய அரபு அமீரகம், இலங்கை மூன்றும் சேர்ந்து திருகோணமலையை எரிசக்தி மையமாக்க உடன்பாடு செய்தன. இவை நல்லதா கெட்டதா என்று இங்கே தீர்ப்புச் சொல்ல வரவில்லை. தொழில் வந்தால் நம் பிள்ளைகளுக்கும் வரட்டும். ஆனால் இந்தச் செய்திகள் வந்த நாட்களில் நம் தேநீர்க்கடைகளிலும் வட்ஸ்அப் குழுக்களிலும் என்ன பேசினோம் என்று யோசித்துப் பாருங்கள். நம் ஊரைப் பற்றி நமக்குத் தெரியாமல் காகிதம் எழுதப்படுவதற்கு இருநூறு வருடமாகப் பழகிப்போய்விட்டோம். பிள்ளைகளுக்கு வரலாற்றை வெறும் ஆண்டுக்கணக்காகக் கொடுத்த எங்களுக்கும் இதில் பங்கு உண்டு.

அந்த மகனுக்குப் பதில் சொல்ல இரண்டு பாடவேளை போய்விட்டது. அலகு பின்தங்கிவிட்டது, அதிபரிடம் விளக்கம் சொல்ல வேண்டும். பரவாயில்லை.

வருகிற விடுமுறையில் ஒரு காலை நேரம் பிள்ளைகளைக் கோட்டைக்கு அழைத்துப் போக நினைத்திருக்கிறோம். டியூஷன் இருக்கிறது என்று மறிக்காமல் அனுமதிக் கடிதத்தில் கையெழுத்து வைத்து அனுப்புங்கள். இன்னொரு உதவியும் வேண்டும். பாலையூற்றிலும் சுற்றுவட்டாரத்திலும் 1957க்கு முன்னர் பிரித்தானியரின் டொக்யார்டில் வேலை செய்த வாப்பா, மூத்தவாப்பா யாருடைய குடும்பத்திலாவது இருந்தால், அவர்கள் சொன்ன கதை எதுவானாலும் கீழே எழுதுங்கள். வேலை அட்டை, பழைய படம் இருந்தாலும் போடுங்கள். எந்த மதத்தவர் வீட்டுக் கதையானாலும் சரி. வகுப்பில் வாசித்துக் காட்டுவோம்.