டாம்பர் போட்டா சரியாயிருமா?

"ஸ்டியரிங் ஆடுதா? ஒரு டாம்பர் போட்டுருங்க சார், சரியாயிரும்."

இந்த வசனத்தை இன்னொரு தடவை யாராவது என் காதுல ஓதினா என்ன செய்வேன்னு எனக்கே தெரியாது. லிஃப்ட் பண்ணின ஜிப்சி, ஜீப் வச்சிருக்கிற யாரைக் கேட்டாலும் இதே பதில்தான். கேரேஜ்லயும் இதே, டீக்கடையிலயும் இதே. கொஞ்ச நாள் முன்னாடி வரைக்கும் நானும் இதைச் சொல்லிட்டுத் திரிஞ்சவன்தான். அதனால கோவம் ஒரு கரண்டி கூடுதலா இருக்கும், பொறுத்துக்கங்க.

நண்பனோட ஜிப்சி. முன்னாடி ஷேக்கிள் ரெண்டு இன்ச் நீளமாச்சு. 205/70 ஆர் 15 டயர் போய் 235/75 ஆர் 15 வந்துச்சு. விட்டத்துல மட்டும் 65 மில்லிமீட்டர் கூடுதல், கனமும் சேர்த்துக்கங்க. ரிம் வேற வெளிய துருத்திட்டு நிக்கிற அகல ரிம். பார்க்க சும்மா சிங்கம் மாதிரி இருந்துச்சு. அவினாசி ரோட்டுல எழுபதுல போறப்ப ஒரு பள்ளத்துல இறங்கி ஏறினதும் ஸ்டியரிங் லேசா உதறிச்சு. லிஃப்ட் பண்ணின கடைக்கே போனோம். அந்த அண்ணன் கீழ குனிஞ்சுகூடப் பார்க்கல. மேல சொன்ன வசனம், ஆறாயிரம் ரூபாய், பளபளன்னு ஒரு சிவப்பு டாம்பர். ரெண்டு மாசம் வண்டி வழுக்கிட்டு ஓடுச்சு. எங்களுக்கும் சந்தோஷம்.

அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை சேலம் போறோம். பவானி தாண்டி காவிரிப் பாலம். பின் சீட்ல அவன் வீட்டம்மா, நாலு வயசுப் பொண்ணு. பாலத்து ஜாயின்ட்ல முன் சக்கரம் 'டக்'னு ஏறி இறங்கிச்சு, அவ்வளவுதான். ரெண்டு முன் சக்கரமும் இடமும் வலமுமா அடிச்சுக்க ஆரம்பிச்சிருச்சு. டேஷ்போர்டு, கண்ணாடி, எங்க பல்லு எல்லாம் சேர்ந்து ஆடுது. இடது பக்கம் சிமெண்ட் லாரி. இறுக்கிப் பிடிக்கப் போனவனோட கட்டை விரலை ஸ்டியரிங் முறுக்கிருச்சு. ஆக்சிலேட்டரை விட்டு, பிரேக்கை மெதுவா மெதுவா அழுத்தி, வேகம் முப்பதுக்குக் கீழ வந்தப்பறம்தான் அடங்கிச்சு. குழந்தை அழல. "இன்னொரு தடவை பண்ணு மாமா"ன்னுச்சு. எனக்குத்தான் கை நடுக்கம் நிக்க அரை மணி நேரம் ஆச்சு.

இப்ப என் கேள்வி. ஆறாயிரம் ரூபாய் டாம்பர் ரெண்டு மாசமா என்னதான் செஞ்சுட்டு இருந்துச்சு?

நம்ம தொழில்ல சொல்றேன், ஆணி புடுங்குற மக்களுக்கு உடனே புரியும். எர்ரர் வருது. ஏன் வருதுன்னு பார்க்காம, சுத்தி ஒரு ட்ரை-கேட்ச் போட்டு, கேட்ச்சுக்குள்ள ஒண்ணுமே எழுதாம விட்டுட்டா ஸ்கிரீன்ல எர்ரர் வராது. ஆனா உள்ள கெட்டது கெட்டுக்கிட்டேதான் இருக்கும். டாம்பர் செஞ்சது அதே வேலைதான். கல்லுல, வேர்ல சக்கரம் மோதுறப்ப கைக்கு வர்ற அடியைக் குறைக்கிறதுக்குத்தான் அது இருக்கு. தேஞ்சுபோன பேரிங்கை அது சரி பண்ணாது. ஆட்டம் தெரியாம மறைச்சு வைக்கும், அந்த நேரத்துல பேரிங் இன்னும் தேயும்.

அடுத்த வாரம் வீட்டு வாசல்லயே சாக்கை விரிச்சுப் படுத்தோம். பெரிய மிஷின் எதுவும் வேண்டாம். வண்டி தரையில நிக்கட்டும். ஒருத்தர் ஸ்டியரிங்கை இடமும் வலமுமா சின்னச் சின்னதா ஆட்டணும். இன்னொருத்தர் கீழ படுத்து ஒவ்வொரு மூட்டு மேலயும் விரல் வச்சுப் பார்க்கணும். ஸ்டியரிங் ஷாஃப்ட் திரும்பியும் பிட்மேன் ஆர்ம் திரும்பலையா, ஆட்டம் பாக்ஸ் உள்ள இருக்கு. பாக்ஸே சேசிஸ் மேல நகருதா, போல்ட் லூசு, இல்லேன்னா சேசிஸ்ல கீறல். டிராக் லிங்க், டைராடு எண்ட் எல்லாம் கையிலயே பேசும். எங்க வண்டியில டைராடு எண்ட் ஒண்ணு லேசா 'க்ளக்'னுச்சு. அது மட்டும்தானான்னா, இல்லை.

அடுத்து ஜாக்கி. சக்கரத்தைத் தூக்கி, மேலயும் கீழயும் பிடிச்சு உள்ளயும் வெளியயும் ஆட்டினோம். நல்லாவே ஆட்டம். வீல் பேரிங்கா, கிங்பின்னா? இங்கதான் முக்காவாசிப் பேர் குத்துமதிப்பா பார்ட்ஸ் மாத்திக் காசைக் கரைக்கிறாங்க. பிரேக்கை ஒருத்தர் அழுத்திப் பிடிக்கட்டும். ஆட்டம் நின்னுட்டா வீல் பேரிங். அப்பவும் ஆடினா கிங்பின். எங்களுக்கு ஆடிச்சு. வலது கிங்பின்னோட கீழ் பேரிங்கைக் கழட்டினப்ப உருளைகள் பதிஞ்ச இடம் எல்லாம் பள்ளம் பள்ளமா இருந்துச்சு. கனமான டயர், வெளிய தள்ளின ரிம், ரெண்டும் சேர்ந்து அந்த பேரிங்கை நெம்புகோல் போட்டு நெம்பியிருக்கு.

அதோட முடியல. ஷேக்கிள் கணக்கைப் பாருங்க. ஜிப்சியில முன் ஸ்பிரிங்கோட ஷேக்கிள் முன் நுனியில இருக்கு. அதை ரெண்டு இன்ச், அதாவது 50 மில்லிமீட்டர் நீட்டினா ஸ்பிரிங்கோட முன் நுனி அவ்வளவு கீழ இறங்குது. ஸ்பிரிங் நீளம் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. சாய்வு ஏறக்குறைய மூணு டிகிரி. ஆக்சில் முன்பக்கமாக் கவிழுது, கிங்பின்னோட பின்சாய்வு, அதான் காஸ்டர், அதே அளவு குறையுது. கம்பெனி கொடுத்ததே மூணரை டிகிரிதான். மீதி அரை டிகிரி! அப்புறம் வண்டி எப்படிங்க நேரா நிக்கும்? திருப்பத்துல ஸ்டியரிங் தானாத் திரும்பி வராம மக்கர் பண்ணினது இதனாலதான். நாங்க பெரிய டயர்னா அப்படித்தான் இருக்கும்னு நினைச்சுட்டு இருந்தோம்.

இத்தனைக்கும் ரெண்டு தடவை அலைன்மென்ட் பார்த்திருக்கோம். ரெண்டு தடவையும் டோ சரின்னு பச்சை காட்டிச்சு மிஷின். காஸ்டர் சிவப்புல இருந்ததைக் கேட்டா, "இந்த வண்டில அதை அட்ஜஸ்ட் பண்ண முடியாதுங்க, விடுங்க"ன்னு பதில். கம்பெனி வண்டிக்கு அது உண்மை. ஷேக்கிளை நீட்டின வண்டிக்கு அந்த சிவப்புதான் நோயே! ஸ்பிரிங்குக்கும் ஆக்சிலுக்கும் நடுவுல ஆப்பு மாதிரி சாய்வுத் தகடு வச்சு சரி பண்ணலாம். ஆனா காஸ்டரைக் கூட்டினா டிஃபரன்ஷியல் மூக்கு கீழ இறங்கி, புரொப்பெல்லர் ஷாஃப்ட் கோணம் கெடும். ரொம்பக் கூட்டினாலும் உதறல் வரும். சும்மா எதுவும் கிடைக்காது. நாங்க நீள ஷேக்கிளையே கழட்டிப் போட்டுட்டு பழசை மாட்டினோம். கிங்பின் பேரிங், டைராடு எண்ட் எல்லாம் சேர்த்து டாம்பர் காசுல பாதிகூட ஆகல.

"ஜீப் கம்பெனிக்காரனே டாம்பர்தானப்பா கொடுத்தான்"னு ஒரு அண்ணன் மடக்கினார். உண்மைதான். 2018ல வந்த புது ராங்ளர்ல இந்த உதறல் புகார் வந்து, 2019ல மாத்தி வடிவமைச்ச டாம்பர் கொடுத்தாங்க. ஆனா அது ஷேக்கிள் நீட்டாத, தொழிற்சாலைக் கோணம் மாறாத வண்டி. அதுல வேலை செஞ்ச மருந்து அரை டிகிரி காஸ்டர்ல ஓடுற வண்டிக்கும் கேக்கும்னு எந்தக் கணக்குல சொல்றீங்க?

கடைக்காரரை மட்டும் திட்டிப் பிரயோஜனம் இல்லை. டயர், ரிம், பம்பர், வின்ச், எல்லாம் வெளிய தெரியுற சாமான். அதுக்கு ஒரு லட்சம் கொடுப்போம். கிங்பின் பேரிங்கை யாரும் போட்டோ எடுக்கிறதில்லை. டாம்பர் பாருங்க, சிவப்பா இருக்கு, கீழ குனிஞ்சா கண்ணுல படுது. அதான் விக்குது.

இதை வாசிக்கிறவங்கள்ல யாராவது டாம்பர் போட்ட வண்டி வச்சிருந்தா ஒண்ணு செய்யுங்க. முதல்ல சாக்கை விரிச்சு, மேல சொன்ன மாதிரி ஒவ்வொரு மூட்டையும் பாருங்க. எங்கயும் ஆட்டம் இல்லைன்னு உறுதியானா, டாம்பரோட ஒரு முனையைக் கழட்டிக் கட்டி வச்சுட்டு, காலி ரோட்டுல மெதுவா ஓட்டிப் பாருங்க. நல்ல வண்டி டாம்பர் இல்லாமலும் நேராத்தான் போகும். உங்க வண்டி போகலேன்னா திரும்பவும் சாக்கு, ஜாக்கி. பின் சீட்ல யாரையும் ஏத்தாதீங்க.

டிஸ்கி: "சட்டப்படி நீ லிஃப்ட் பண்ணினதே தப்பு"ன்னு சொல்ல வர்றவங்களுக்கு: ஒத்துக்கிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவை வச்சு 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமே சொல்லிருச்சு. நீள ஷேக்கிள் இப்ப நண்பன் வீட்டு மொட்டை மாடியில கொடி கட்டிக் காயப்போட உதவுது. சிவப்பு டாம்பர் விலைக்கு இருக்கு. உங்களுக்குக் கொடுக்க மாட்டேன் :-)