முகவரிச் சீட்டும் இணையப் பக்கமும்

ஒருவர் தம்மைப் பிறர்க்கு அறிவித்துக்கொள்ளுதல் உலக வாழ்க்கைக்கு இன்றியமையாததாகும். பண்டைச் சோழ வேந்தர் தம் பெயரும் வெற்றியும் விளங்க மெய்க்கீர்த்திகளைக் கல்லிற் பொறித்தனர். வெள்ளையர் ஆட்சிக் காலத்தில் துரைமாரைக் காணச் சென்றோர், தம் பெயர் அச்சிட்ட சிறு சீட்டை வாயிற் சேவகனிடம் கொடுத்தனுப்பினர். அச்சீட்டே ‘விசிட்டிங் கார்டு’ என்னும் பெயரோடு இன்று வணிகர், மருத்துவர், தச்சர், மின்வினைஞர் முதலிய பலர் சட்டைப் பையிலும் குடிபுகுந்துள்ளது. இனி அதனை விடுத்து, ஒவ்வொருவரும் தமக்கென ஓர் இணையப் பக்கம் அமைத்து அதனையே வழங்கலாமோ என்பது இக்காலத்து எழுந்துள்ள வினா. வழங்கல் வேண்டும் என்பதே எம் கருத்து. ஆயினும், அதற்குச் சில வரம்புகள் உண்டு.

காகிதச் சீட்டின் குறை யாது? அச்சேறிய பின்னர் அது மாறுவதில்லை, உலகமோ மாறிக்கொண்டேயிருக்கிறது. இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. அரியலூர்க் கடைத்தெருவில் வணிகர் ஒருவர் இருந்தார் எனக் கொள்வோம். தொடக்கத்தில் அவர் சீட்டில் ‘திருச்சிராப்பள்ளி மாவட்டம்’ என்றிருந்தது. 1995இல் பெரம்பலூர் மாவட்டம் தோன்றவே, அரியலூர் அதன்கண் அடங்கிற்று. 2001இல் அரியலூர் தனி மாவட்டமாயிற்று. 2002இல் மீண்டும் பெரம்பலூரோடு இணைந்தது. 2007 நவம்பரில் மறுபடியும் பிரிந்தது. கடையை ஓரடியும் பெயர்க்காத அவ்வணிகர், ஏறத்தாழப் பன்னீராண்டுகளில் நான்கு முறை சீட்டை மாற்ற வேண்டியவரானார்! முன்னர்க் கொடுத்த சீட்டுகளைத் திரும்பப் பெறவும் வழியில்லை. இணையப் பக்கமாயின், ஒரு சொல்லை ஓரிடத்தில் திருத்திய அளவில், முன்னரே அம்முகவரி பெற்றார் அனைவர்க்கும் அத்திருத்தம் புலனாகும்.

மேலும், சீட்டில் அடங்குவன பெயரும் தொலைபேசி எண்ணுமே. செட்டிகுளத்துச் சின்ன வெங்காய உழவர் தம் விளைச்சலையும், ஜெயங்கொண்டத்து நெசவாளர் தம் சேலைகளையும் அதன்கண் காட்ட முடியுமோ? கல்வி முடித்து வேலை நாடிச் சென்னைக்குச் செல்லும் நம் மாணவர், தம் கட்டுரைகளை அதில் அடக்க முடியுமோ? பரிந்துரைப்பார் இல்லாத சிற்றூர் இளைஞர்க்கு அவர்தம் பணியே பரிந்துரை. அப்பணியைப் பிறர் காண வைத்தற்கு இணையப் பக்கம் துணையாகும்.

டிம் பெர்னர்சு லீ என்பார் 1989இல் வகுத்த வலைப்பின்னல் முறையை, அவர் பணியாற்றிய செர்ன் ஆய்வுக்கூடம் 1993இல் உலகோர்க்கெல்லாம் விலையின்றி வழங்கிற்று. 1994இல் ஜப்பான் நாட்டில் மோட்டார் வண்டி உறுப்புகளை அடையாளங்காண வகுக்கப்பட்ட கியூஆர் குறியீடு, இன்று தேநீர்க்கடைதோறும் பணம் பெறும் பலகையாய் நிற்கிறது. அதனைக் கைபேசியாற் படிக்க நம் மக்கள் நன்கு பழகியுள்ளனர்.

இனி, மறுப்போர் கூற்றையும் நோக்குவோம். இணையப் பக்கமும் அழியுமன்றோ என்பர் சிலர். உண்மையே. ஜியோசிட்டீஸ் என்னும் நிறுவனத்தில் எண்ணிறந்தோர் அமைத்திருந்த பக்கங்கள் 2009இல் மூடப்பட்டன. ஆர்குட் 2014இல் மறைந்தது. பிறர் திண்ணையிற் குடியிருப்போர், வீட்டுக்காரர் கதவடைத்தால் வீதிக்கு வருதல் இயல்பே. ஆதலின் சிறு கட்டணம் ஆண்டுதோறும் செலுத்தித் தம் பெயரிலேயே முகவரி பெறுதலும், எழுதியவற்றிற்குப் படி எடுத்து வைத்தலும் தக்கன. மற்றொன்று: சீட்டை நாம் தேர்ந்தவர்க்கே கொடுக்கின்றோம்; பக்கமோ கள்வர்க்கும் திறந்திருக்கும். வீட்டு முகவரி, பிறந்த நாள் முதலியவற்றை அதில் எழுதுதல் பேதைமை. பெண்கள் இதில் மிகவும் விழிப்புடன் இருத்தல் வேண்டும்.

கைபேசி இல்லாத முதியோர்க்கு என் செய்வது? அவர்க்கெனச் சில சீட்டுகள் இருக்கட்டும். பெயரும் எண்ணும் குறியீடும் மட்டும் தாங்கிய சீட்டு எளிதிற் பழமையடையாது; அச்சகத்தார்க்கும் பிழைப்பு முற்றும் நின்றுவிடாது. ஒன்றை ஏற்க மற்றொன்றைக் கொல்ல வேண்டுவதில்லை.

எனினும், யாம் பெரிதும் வற்புறுத்த விரும்புவது மொழியைப் பற்றியதேயாகும். இத்தாலி நாட்டிற் பிறந்து, அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில் திருப்பணி புரிந்த பெஸ்கி அடிகளார், தம்மைத் தமிழர்க்கு அறிவிக்கத் தமிழையே கற்றார். வீரமாமுனிவர் என்னும் பெயராலேயே இன்றும் வாழ்கின்றார். அயல்நாட்டார் ஒருவர் அவ்வாறு செய்திருக்க, நாம் நம் ஊரார்க்கு நம்மை ஆங்கிலத்தில் மட்டும் அறிவித்துக்கொள்ளுதல் முறையோ? ‘.இந்தியா’ என முடியும் இணைய முகவரியைத் தமிழெழுத்தாலேயே பெறவும் இன்று வழியுண்டு. ஆங்கிலமும் உடனிருக்கட்டும், தமிழ் முன்னிற்க வேண்டும்.

ஆகவே, மாணவ நண்பர்கள் கல்லூரியை விட்டு நீங்குமுன்னரே, தம் பெயரில் தமிழிற் சிறு பக்கமொன்று அமைப்பார்களாக. அதில் பட்டங்களின் பெயரை அடுக்குவதினும், செய்து முடித்த செயல் ஒன்றையேனும் வைப்பார்களாக. காட்டத்தக்க பணி இல்லாதவர்க்குக் கல்லும் காகிதமும் இணையமும் ஒன்றே.